சம்பந்திகள் ஏறிய படகு

என் அப்பாவுக்கும் என் மாமியாருக்கும் ஒரே படகு என்று சீட்டு விழுந்ததும், படகுக் கொட்டகையில் பேக்கரிக்காரர்தான் முதலில் சிரித்தார். அதற்காகவே காத்திருந்த மாதிரி மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தது அப்பா, அத்தை, அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த நான்.

"சீட்ட மறுபடி குலுக்குங்க," என்றார் அப்பா.

"பயமா இருந்தா வரலன்னு சொல்லிடச் சொல்லும்மா," என்றார் அத்தை. அப்பாவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

இவர்கள் இருவருக்கும் நடுவே தபால் பட்டுவாடா செய்வது எனக்குப் புதிதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் என் இன்னொரு வேலை.

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். நாள் முழுக்க "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக் கத்தி ஊரில் அவருக்குக் 'கிளட்ச்' என்றே பெயர். இங்கே ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித் தேறியவர்கள். திட்டும் வாங்கி, லைசென்ஸும் வாங்காமல் போனவர் ஒரே ஒருவர். என் மாமியார்தான் அவர். "சொல்லிக் குடுத்தவர் சரியில்ல" என்று அத்தை தெரு முழுக்கச் சொன்னார். "அவங்க இறங்கின பிறகு வண்டியே அழுதுச்சு" என்று அப்பா சொன்னார். இதெல்லாம் நான் அந்த வீட்டுப் பையனைக் காதலிக்கிறேன் என்று இரு வீட்டாருக்கும் தெரிவதற்கு முன்னால். தெரிந்த பிறகு இரண்டு பேருமே, பிள்ளைகளுக்காக, வாயைத் தைத்துக்கொண்டார்கள். அந்தத் தையல் அன்றுவரை பிரியவில்லை.

நாங்கள் எல்லாரும் ஏரிக்கரைக்காரர்கள். சரியாகச் சொன்னால் அது நீர்த்தேக்கம். ஊரே அதிலிருந்துதான் குடிக்கிறது. ஆனால் கரையில் இருக்கிறவர்களுக்கு அது என்றைக்கும் ஏரிதான். கரையைக் கடித்துக் கடித்து உள்ளே நுழைகிற மாதிரி அதற்கு நிறைய வளைவுகள். ஒவ்வொரு வளைவையும் சுற்றி ஒரு தெரு. எங்கள் வளைவின் தெருவில் ஒரு முனையில் அப்பாவின் டிரைவிங் ஸ்கூல், மறு முனையில் அத்தையின் திரைச்சீலைக் கடை, நடுவில் பேக்கரி, நான் வேலை பார்க்கும் மருந்துக் கடை. அத்தை வீட்டின் பின்வாசலைத் திறந்தால் நேராகத் தண்ணீருக்கு இறங்கும் கல்படிகள். நானும் என் வீட்டுக்காரரும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். அவர் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறார்.

அந்தக் கோடையில் ஏரி பச்சையாகிவிட்டது. சும்மா பச்சை இல்லை, யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரிப் பச்சை. கரையோரம் பாசி தோல் மாதிரி படிந்திருந்தது. குழாயைத் திறந்தால் குளத்தடி வாடை. என் வீட்டுக்காரர் நிலையத்தில் மருந்து மேல் மருந்து போட்டு வடிகட்டிப் பார்த்துவிட்டு, சோர்ந்து போய் வந்து உட்காருவார். "தண்ணி சுத்தம்தான், குடிக்கலாம்," என்பார். ஆனால் முதல் மடக்கை அவரே குடிக்க மாட்டார்.

அப்போதுதான் நிலையத்தின் பரிசோதனைக்கூடத்திலிருந்து லேப் மேடம் வந்து, படகுக் கொட்டகையில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒல்லியான, வேகமாகப் பேசுகிற பெண்மணி.

"பாசிக்கு எங்கிருந்தோ தீனி போகுது," என்றார். "கழிவா இருக்கலாம், சோப்பா இருக்கலாம், உரமா இருக்கலாம். எந்த வளைவிலிருந்து போகுதுன்னு தெரியணும். ஏரி இவ்வளவு பெரிசு. நான் ஒருத்தி. நீங்க கை குடுத்தா கண்டுபிடிச்சிடலாம்."

வேலை கஷ்டமானதில்லை. வாரம் ஒரு முறை இரண்டு பேர் படகில் போக வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்த ஒரு தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதைக் குறிக்க வேண்டும். மறையும் ஆழம் கூடினால் தண்ணீர் தெளிகிறது என்று அர்த்தம். பிறகு சொன்ன இடங்களில் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துவந்து மேடத்திடம் கொடுக்க வேண்டும். எங்கள் வளைவுக்கு யார் போவது என்றுதான் சீட்டு குலுக்கினார்கள்.

முதல் நாள் காலையில் தெருவே கரைக்கு வந்துவிட்டது. பேக்கரிக்காரர் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்திருந்தார். அப்பா லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, அதன் மேல் காற்றடைத்த டயர் ட்யூப் ஒன்றையும் மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. கரையில் பிறந்து வளர்ந்தும் கால் நனைத்ததோடு சரி. அத்தையோ நடக்கப் பழகும் முன்பே துடுப்பு பிடித்தவர் என்று சொல்லிக்கொள்வார்.

"உங்க அப்பா டயரோட வந்திருக்காரு. ஸ்டெப்னி எங்கேன்னு கேளு," என்றார் அத்தை.

அப்பா படகில் கால் வைத்ததும் படகு ஆடியது. அவர் உட்கார்ந்த வேகத்தில் இன்னும் ஆடியது. அத்தை துடுப்பை எடுத்தார். படகு நகர்ந்ததும் அப்பாவுக்குப் பழக்க தோஷம் வந்துவிட்டது.

"திருப்பறதுக்கு முன்னாடி பின்னாடி பாருங்க! கண்ணாடி! கண்ணாடியப் பாருங்க!"

"படகுல எங்க சம்பந்தி கண்ணாடி இருக்கு?"

அதுதான் பல வருடங்களில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு. கரையில் நின்ற என் அம்மா என் கையைக் கிள்ளினாள். "பேசிட்டாங்கடி," என்றாள்.

நடு வளைவில் தட்டை இறக்கினார்கள். "தெரியுது," என்றார் அப்பா. "தெரியல," என்றார் அத்தை. "நல்லாப் பாருங்க, வெள்ளை தெரியுது." "அது மேகத்தோட நிழல். கண் டாக்டர்கிட்டப் போங்க." "எனக்கு அரை மைல் தள்ளி சிக்னல் தெரியும்." "சிக்னல் தண்ணிக்குள்ளயா இருக்கு?" குரல்கள் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு கரைவரைக்கும் வந்தன. கடைசியில் லேப் மேடத்தைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ரெண்டு பேர் சொல்றதையும் எழுதுங்க, நான் நடுவுல எடுத்துக்கறேன்," என்றார் அவர். இந்தக் குடும்பத்தில் நடுவில் நிற்க இன்னொரு ஆள் கிடைத்ததில் எனக்குப் பெரிய நிம்மதி.

வாரங்கள் போகப் போக ஒரு மாற்றம் தெரிந்தது. அப்பா ட்யூபைக் கழற்றினார். பிறகு ஒரு நாள், சும்மா உட்கார்ந்து வரக் கூச்சமாக இருக்கிறது என்று அவரே துடுப்பைக் கேட்டு வாங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கற்றுக்கொள்கிற பக்கம் உட்கார்ந்தார்.

"மெதுவா! தண்ணிய அடிக்காதீங்க, தள்ளுங்க! உங்க கோபத்தையெல்லாம் அதுகிட்ட காட்டினா அது என்ன பண்ணும்? முதுகை நிமித்துங்க! எங்க பாக்கறீங்க, முன்னாடி பாருங்க!"

கரையில் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சொல்லணும்னு நினைச்சதையெல்லாம் அவங்க ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க," என்றாள்.

அப்பா வீட்டுக்கு வந்து கைக் கொப்புளங்களுக்கு என்னிடம் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "உங்க அத்தைக்குப் படகு நல்லா வருது," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு எனக்குக்கூட வந்ததில்லை.

இதற்குள் பாட்டில்கள் பேச ஆரம்பித்துவிட்டன. ஏரியிலேயே மோசமான இரண்டு மூன்று இடங்களில் எங்கள் வளைவும் ஒன்று. தெருவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் எல்லார் கண்ணும் பேக்கரி மேல் போனது. எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டார்கள். பேக்கரிக்காரர் முகம் தொங்கிப் போய் இரண்டு நாள் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"சந்தேகமே வேண்டாம், எல்லா வீட்டையும் பாத்துடலாம்," என்று என் வீட்டுக்காரர் நிலையத்திலிருந்து சாயப்பொடி கொண்டுவந்தார். ஆளுக்கும் மீனுக்கும் கெடுதல் செய்யாத சிவப்புச் சாயம். ஒவ்வொரு வீட்டுக் கழிவறையிலும், சமையல் தொட்டியிலும் அதைக் கரைத்து ஊற்றி, ஏரியில் எங்காவது சிவப்பு வருகிறதா என்று பார்ப்பது. அன்று தெருவில் ஒரே அமர்க்களம். வீட்டுக்கு வீடு கழிவறை வாசலில் நின்று, "ஊத்தியாச்சா? இழுக்கட்டுமா?" என்று கேட்கும் சத்தம். மற்றவர்கள் கரையில் வரிசையாக நின்று தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தார்கள். பேக்கரியின் முறை வந்தபோது அவர் வேண்டுமென்றே இரட்டிப்புச் சாயம் ஊற்றினார். ஏரியில் ஒரு சொட்டுக்கூடச் சிவப்பு தெரியவில்லை. எந்த வீட்டிலிருந்தும் தெரியவில்லை. எல்லாம் ஒழுங்காகப் பாதாளச் சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பேக்கரிக்காரர் கைதட்டி, எல்லாருக்கும் பன் கொடுத்தார். சாயம் பட்ட அவர் கைவிரல் மட்டும் ஒரு வாரம் சிவப்பாக இருந்தது.

சந்தோஷம்தான். ஆனால் பச்சை அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் அத்தைக்குக் கடையில் பெரிய ஆர்டர். பாட்டில்களைக் கொடுக்க அப்பா தனியாகப் போனார். திரும்பும் வழியில் நேராக மருந்துக் கடைக்கு வந்து கவுண்டரில் சாய்ந்தார்.

"தலைவலி மாத்திரை குடு."

"என்னப்பா ஆச்சு?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அப்பாவின் தாழ்ந்த குரல் என்றால் சாதாரண மனிதர்கள் பேசும் குரல். "நம்ம வளைவுத் தண்ணிய மேடம் பெரிய லேபுக்கு அனுப்பியிருந்தாங்களாம். வந்துடுச்சு. மனுஷன் வீட்டுக் கழிவு இல்லையாம். பறவையோடதாம். 'அந்தப் பக்கம் வாத்துக்கு யாராச்சும் தீனி போடறாங்களா? ஒரே எடத்துல கூட்டமா சேருதா?'ன்னு கேக்கறாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கல்படிகளில் தினமும் காலையில் கூடும் வாத்துக் கூட்டத்தை ஊரே அறியும். சாம்பல் நிறத்தில், வெள்ளையில், பச்சைக் கழுத்தோடு, எங்கெங்கிருந்தோ வரும். அத்தை பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு அவற்றோடு பேசிக்கொண்டிருப்பார். "நீ நேத்து வரலையே, எங்க போன?" "அவன தள்ளாத, அவனும் சாப்பிடட்டும்." தின்றது போக மிச்ச ரொட்டி தண்ணீரில் ஊறும். தின்றதும் வேறு வடிவத்தில் அதே தண்ணீருக்குத்தான் போகும். அத்தனை வாத்துகள், அத்தனை காலைகள்.

"நீயே உங்க அத்தைகிட்ட சொல்லிடேன்," என்றார் அப்பா.

"ஐயோ, நான் மாட்டேன். இத்தனை நாள் உங்க சண்டைய சுமந்தது போதும். உங்க படகுக்கூட்டாளி, நீங்களே சொல்லுங்க."

என் வீட்டுக்காரரிடம் கேட்டோம். "எனக்கு பம்ப் ரூம்ல வேலை இருக்கு," என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று அவருக்கு லீவு.

மறு வாரம் படகில் எப்படியும் சொல்லிவிடுவதென்று அப்பா முடிவு செய்தார். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்ததாக அம்மா சொன்னாள். நானும் அம்மாவும் கரையில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றோம். படகு நடு வளைவில் நின்றது. அப்பா ஏதோ சொல்ல வாயெடுப்பது தெரிந்தது. அதற்குள் வாத்துகள் படகைச் சுற்றிக்கொண்டன. அத்தை பையிலிருந்து ரொட்டியை எடுத்தார், தானும் போட்டார், அப்பாவிடமும் ஒரு துண்டை நீட்டினார். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லப் பிய்த்துத் தண்ணீரில் போட்டார்.

படகைவிட்டு இறங்கியவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொன்னீங்களா?" என்றாள் அம்மா.

"போட்டுட்டேன்," என்றார் அப்பா.

அம்மா அங்கேயே புல்லில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது எங்கேயோ போய் இடிக்கப் போகிறது என்று தோன்றியது.

அடுத்த கூட்டத்தில் இடித்தது. லேப் மேடம் எல்லா வளைவுகளின் முடிவுகளையும் வரிசையாகச் சொன்னார். ஒரு வளைவில் உடைந்த சாக்கடைக் குழாய்; அதை மாற்ற ஆள் வந்தாகிவிட்டது. இன்னொன்றில் தோட்டத்து உரம். "உங்க வளைவுல வாத்து," என்றார். "வாத்து மேல தப்பு இல்ல. தீனி போட்டுப் போட்டு ஒரே எடத்துல கூட்டம் சேத்துட்டோம். தீனி நிக்கணும்."

எல்லாத் தலைகளும் அத்தை பக்கம் திரும்பின. அத்தை எழுந்து நின்றார். "இது எப்ப தெரிஞ்சது மேடம்?"

"பாட்டில் குடுக்க வந்தப்பவே உங்க சம்பந்திகிட்ட சொன்னேனே."

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் செருப்பைப் பார்த்தார். பிறகு அத்தையின் பார்வை என் பக்கம் வந்தது. நானும் செருப்பைப் பார்த்தேன். அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று வீட்டில் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அத்தையே ஆரம்பித்தார். "வாத்தால தண்ணி கெடுதுன்னா கெட்டதுதான். அது எனக்கு வலிக்கல. இந்த ஏரித் தண்ணிய குடிச்சுத்தான் நானும் வளந்தேன். ஆனா இத என்கிட்ட சொல்ல முடியாதுன்னு மூணு பேரும் நினைச்சீங்க பாரு. நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா?"

"இல்லத்தை," என்றேன். என் வீட்டுக்காரர் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. காலையில் அத்தையின் கடையில் திரைச்சீலைகளை மடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. நான் தொங்கிக்கொண்டிருந்த நீலத் துணிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டேன். தபால்காரி இல்லாமல் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கெடுக்க மனம் வரவில்லை.

"சம்பந்தியம்மா, உள்ள வரலாமா?"

"கடை தானே. யாரு வேணா வரலாம்."

அத்தை தையல் மிஷினை நிறுத்தவில்லை. பிறகு அப்பா சொன்னார், "உங்களுக்கு வண்டி சொல்லிக் குடுத்தப்ப வாய் ஓயாம கத்தினேன். அன்னைக்குப் படகுல சொல்லணும்னுதான் வந்தேன். வாயே வரல."

"ஏன் வரல?"

"நீங்க அதுங்ககிட்ட பேசறத அவ்வளவு பக்கத்துல இருந்து நான் பாத்ததில்ல. ஒவ்வொண்ணையும் அடையாளம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. அதுல போய் நான் எப்படி..."

மிஷின் நின்றது.

"எங்க வீட்டுக்காரர் போன பிறகு வந்த பழக்கம் அது," என்றார் அத்தை. "அவர் இருந்தவரைக்கும் காலைல எழுந்ததும் ரெண்டு பேரும் பேசிட்டே இருப்போம். அவர் போனதும் வாய் அப்படியே நின்னு போச்சு. புள்ளையும் மருமகளும் வேலைக்குப் போற அவசரத்துல இருப்பாங்க. யார்கிட்டயாவது பேசணுமே. அதுங்க வந்துச்சு."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அந்தப் படிகளில் ஒரு நாளாவது போய் உட்கார்ந்தேனா என்று யோசித்தேன்.

"சரி, நின்னுட்டே இருந்தா எப்படி, உக்காருங்க சம்பந்தி," என்றார் அத்தை. "இனி என்ன பண்ணணும்? அதச் சொல்லுங்க. நீ மட்டும் ஏன் அந்தத் துணிக்குள்ள வேகறே? வெளிய வா. உன் கால் தெரியுது."

மறுநாளிலிருந்து அத்தை ரொட்டியை நிறுத்தினார். வாத்துகளுக்கு இது புரியவில்லை. முதலில் படிகளில் நின்று கத்தின. பிறகு படியேறிப் பின்வாசல்வரை வந்தன. அத்தை முன்வாசல் வழியாகக் கடைக்குக் கிளம்பினால் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து வரிசையாகப் பின்னால் நடந்தன. அத்தை திரும்பிப் பார்க்காமல் நடப்பார். "ஏரி முழுக்கப் புழு பூச்சி இருக்கு. கை கால் நல்லாத்தானே இருக்கு? போய்ச் சம்பாதிச்சுச் சாப்பிடுங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். காலை நேரத்தில் நானும் அம்மாவும் முறை வைத்துக்கொண்டு அவரோடு படிகளில் போய் உட்கார்ந்தோம். வாத்து அளவுக்கு நாங்கள் நன்றாகக் கேட்பதில்லை என்று அத்தை குறைபட்டுக்கொண்டார்.

ஆனால் நாட்கள் போயும் கூட்டம் குறையவில்லை. அத்தைக்குச் சந்தேகம் வந்தது. "யாரோ போடறாங்க," என்றார். தினமும் அந்தக் கரையில் கூட்டத்தைக் கவனித்தவர் அவர்; அவர் கணக்கு தப்பாது. ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரையோரம் நடக்க ஆரம்பித்தார். முதல் நாளே மாட்டியவர் பல் டாக்டர். கோட் பையில் பிஸ்கட். "ஒரே ஒரு துண்டுதாம்மா," என்றார். அடுத்தது தபால் நிலையத்துப் பெண்கள் இருவர். அவர்களும் ஒரே ஒரு துண்டுதான். ஆளாளுக்கு ஒரு துண்டு என்று தெரு முழுக்க ஒரு விருந்தே நடந்துகொண்டிருந்தது.

கடைசியில் எங்கள் வீட்டு ஆளுக்கே விசில் ஊத வேண்டியதாயிற்று. குடிநீர் நிலையத்தின் பம்ப் அறைக்கு ஏரிப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. அதற்குக் கீழே வாத்துகள் அடர்த்தியாக மிதப்பதை அத்தை பார்த்துவிட்டார். ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, நான் காலையில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைக் கொட்டியது. கை யாருடையது என்று அத்தைக்குப் பெற்ற நாளிலிருந்தே தெரியும்.

"தண்ணிய சுத்தம் பண்ற வேலைடா உனக்கு!" என்று அத்தை கீழே நின்று கத்தியது எங்கள் கடைவரை கேட்டது. சாப்பாடு எப்படி என்று நான் கேட்கும்போதெல்லாம் பிரமாதம் பிரமாதம் என்பாரே, அந்தக் கணக்கு எனக்கும் அன்றுதான் புரிந்தது. அன்றிலிருந்து அவர் சாப்பாட்டை அவரே கட்டிக்கொள்கிறார்.

பேக்கரிக்காரர் பழைய ரொட்டியை 'வாத்துப் பை' என்று தனியாகக் கட்டி வைப்பவர். அத்தை அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. அதே ரொட்டியை மெல்லியதாக அறுத்து, அடுப்பின் கடைசிச் சூட்டில் காய வைத்து, மொறுமொறுவென்று ரஸ்க் போட்டுப் பார்க்கச் சொன்னார். அது தெருவுக்கே பிடித்துப்போக, வாத்துக்குக் கொடுக்க ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அப்பா தன் பங்குக்குப் பாடத்திட்டத்தை மாற்றினார். டிரைவிங் ஸ்கூல் வண்டிகள் எல்லாம் ஏரிக்கரைச் சாலையில்தான் ஊர்ந்தன. "முன்னாடி பாரு, பக்கத்துல பாரு, எவன் கையிலயாவது ரொட்டி இருக்கான்னு பாரு! கிளட்ச்! கிளட்ச்ச மிதி!" என்று குரல் கேட்டதும் கரையில் நிற்பவர்கள் தானாகக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. எங்கள் கரை முழுக்கக் குட்டையாக வெட்டிய புல். வாத்துகளுக்கு அது கம்பளம் விரித்து வரவேற்கிற மாதிரி என்றார் லேப் மேடம். நாணல் உயரமாக வளர்ந்தால் அவை கரையேறத் தயங்கும். தெருவிலிருந்து வடியும் அழுக்கையும் நாணல் வேரே பிடித்து வைத்துக்கொள்ளும். "வீட்டுக்கு முன்னாடி ஏரி தெரியாதே" என்று சிலர் முனகினார்கள். "தெரியற ஏரி பச்சையா இருந்தா தெரிஞ்சு என்ன பண்ண?" என்று அம்மா கேட்டாள். கூட்டத்தில் அதிகம் பேசாத அம்மாவே கேட்டதும் முனகியவர்களும் தலையாட்டினார்கள். படிகளுக்கும் படகுத்துறைக்கும் வழி விட்டு மற்ற இடமெல்லாம் நடுவது என்று முடிவானது.

ஒரு விடுமுறை நாளில் தெருவே சேற்றில் இறங்கியது. பல் டாக்டர் முழங்கால்வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குழி தோண்டினார். தபால் நிலையப் பெண்கள் நாற்றுக்கட்டுகளைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தார்கள். பேக்கரிக்காரர் ரஸ்க் தட்டோடு சுற்றிச் சுற்றி வந்தார். அப்பா எல்லாருக்கும் நேர்கோடு எப்படிப் போட வேண்டும் என்று விளக்கிக்கொண்டே பின்னால் நகர்ந்து, தொடைவரை சேற்றில் புதைந்துவிட்டார். இழுத்தால் வரவில்லை. ஒரு காலை எடுத்தால் இன்னொன்று இன்னும் உள்ளே போனது.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கரையில் நின்று பார்த்தார். "ஏன் சம்பந்தி இப்படி ரேஸ் பண்றீங்க? முதல் கியர்ல வாங்க. மெதுவா. கிளட்ச்ச விட்டு விட்டுப் பிடிங்க!"

சிரிப்பில் நாற்றுக்கட்டுகள் தண்ணீரில் விழுந்தன. அப்பாவும் சேற்றில் நின்றபடியே சிரித்தார். கடைசியில் படகுக் கயிற்றை அவர் இடுப்பில் கட்டி, தெருவே சேர்ந்து இழுத்தோம். ஆள் வந்தார், ஒரு செருப்பு வரவில்லை. அது இன்னமும் நாணலுக்குக் கீழேதான் எங்கோ இருக்கிறது.

மழைக்காலம் வந்து போனது. நாணல் வேர் பிடித்து இடுப்புயரம் வந்தது. தீனி இல்லாத வாத்துகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து ஏரி முழுக்கப் பரவின. சில மட்டும் எங்கள் பக்கம் தங்கிவிட்டன. அவை சொந்தமாகத் தேடித் தின்றன. அடுத்த கோடையில் பாசி வந்தது. வராமல் இல்லை, ஆனால் ஓரத்தில் ஒரு கோடு மாதிரி வந்து, அப்படியே நின்றுவிட்டது. வாரம் தவறாமல் படகு போனது. தட்டு கீழே, இன்னும் கீழே போயும் தெரிந்தது. "தெரியுது," என்றார் அப்பா. "தெரியுது," என்றார் அத்தை. இருவரும் ஒரே பதில் சொன்ன அன்று லேப் மேடம் போனில் நம்பாமல் திருப்பிக் கேட்டார். என் வீட்டுக்காரர் நிலையத்தில் மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்தார். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து, யாரும் சொல்லாமலே முதல் டம்ளரைக் குடித்தார்.

எங்கள் வளைவு தெளிந்த செய்தி அக்கரைவரை போயிற்று. அங்கே இன்னமும் பச்சைதான். தோட்டத்து உரம் என்று மேடம் சொன்ன வளைவு அது. உரம் போட்டது நீயா நானா என்று வீட்டுக்கு வீடு பேச்சு நின்றுபோய், கூட்டம் போட்டால் வருவதற்குக்கூட ஆள் இல்லையாம். அங்கிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் தங்கையும் வந்து, உங்கள் ஆட்கள் யாராவது வந்து பேச முடியுமா என்று கேட்டார்கள்.

"நான் ஒருத்தன் போதும்," என்றார் அப்பா.

"பேசியே அவங்களையும் ஓட விட்டுடுவீங்க, நானும் வரேன்," என்றார் அத்தை.

நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் எங்கள் தெருவின் படகுகளெல்லாம் அக்கரைக்குக் கிளம்பின. சாயப்பொடி, பாட்டில்கள், நாணல் நாற்று, ஒரு பெட்டி ரஸ்க். முன்னால் போன படகில் அப்பா துடுப்புப் போட்டார், அத்தை வழி சொன்னார், அம்மா இருவரையும் காதில் வாங்காமல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கரையில் ஜனம் கூட்டமாக நின்றது. ஆனால் கூட்டத்துக்கு நடுவே இரண்டு கோஷ்டிக்கு இடையில் விட்ட மாதிரி ஒரு இடைவெளி இருந்தது. படகு தரை தட்டியது. அத்தை சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முதலில் இறங்கி, நேராக அந்த இடைவெளியில் போய் நின்றார்.

"யார் பண்ணினதுன்னு கேக்க நாங்க வரல," என்றார். "துடுப்புப் பிடிக்கத் தெரிஞ்சவங்க கை தூக்குங்க. தெரியாதவங்க எங்க சம்பந்திகிட்ட வாங்க. ரொம்ப நல்லா சொல்லிக் குடுப்பாரு."

அப்பா படகிலிருந்து இறங்கப் போனவர் அப்படியே ஒரு நொடி நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வரிசையா வாங்க," என்று குரல் கொடுத்தார். இரண்டு கோஷ்டியிலிருந்தும் ஆட்கள் நகர ஆரம்பித்தார்கள்.